“தம்பி, நீயே பார்த்துக்கோ” என்று டீலரிடம் சொல்லாதீர்கள்

பங்குச் சந்தையில் பணம் குறைந்தால் மார்க்கெட் விழுந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். என் பெரியப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கைக்கு வந்த பணத்தில் 5 லட்சத்தை ஒரு புரோக்கர் ஆபீஸில் போட்டுவிட்டு, அங்கே வாடிக்கையாளர்களுக்கு ஆர்டர் போடும் டீலர் பையனிடம் “நீயே பார்த்துக்கோ தம்பி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பத்து மாதம் கழித்து வரவு செலவுக் கணக்கான லெட்ஜரைப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தால், பங்குகளில் பெரிய நஷ்டமே இல்லை. புரோக்கரேஜும் வரியும் மட்டும் 1.75 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இதற்குச் சர்னிங் என்று பெயர். கடைவது. உங்கள் பணத்தை வாங்கி விற்று, வாங்கி விற்று, கமிஷனுக்காகவே கடைவார்கள். வெண்ணெய் அவர்களுக்கு, மோர் நமக்கு.

கணக்கைப் பாருங்கள். 5 லட்சத்துக்கு டெலிவரியில், அதாவது பங்கு உங்கள் கணக்குக்கே வந்து சேரும்படி, வாங்குகிறார்கள், சில நாளில் விற்கிறார்கள். புரோக்கரேஜ் 0.3% என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 3,000 ரூபாய். அதன்மேல் 18% ஜிஎஸ்டி 540. பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி இரண்டு பக்கமும் 0.1% வீதம் 1,000. முத்திரைக் கட்டணமும் சில்லறைகளும் சேர்ந்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 4,600 ரூபாய். வாரம் ஒரு சுற்று ஓட்டினால் மாதம் 18,000-க்கு மேல் போய்விடும், அதாவது சும்மா இருந்த இடத்தில் இருப்பதற்கே வருடத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல் லாபம் வர வேண்டும், அது யாருக்கு வரும் சொல்லுங்கள். “சார், இன்னிக்கு 2,000 லாபம்” என்று அந்தத் தம்பி போன் பண்ணும்போது, அவர் சொல்வது செலவு கழிக்காத லாபம். பெரியப்பா அன்றைக்கெல்லாம் பாயசம் வைக்காத குறைதான்.

முதல் தவறு அந்த “பார்த்துக்கோ”. உங்களுக்காகத் தானே முடிவெடுத்து வாங்கி விற்க சாதாரண புரோக்கருக்கு அனுமதி கிடையாது. அதற்குப் பிஎம்எஸ் (பிறர் முதலீட்டை நிர்வகிக்கும் சேவை) என்று தனி உரிமம் இருக்கிறது, அதில் குறைந்தபட்ச முதலீடே 50 லட்சம். டிடிபிஐ என்ற அதிகாரம் கொடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது நீங்கள் விற்ற பங்கை டீமேட்டிலிருந்து (பங்குகள் மின்னணு வடிவில் இருக்கும் கணக்கு) எடுத்துக் கொடுப்பது போன்ற சில வேலைகளுக்குத்தான், டிரேடிங் செய்யும் உரிமை அதில் இல்லை. பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், சாவியைக் கொடுத்துவிட்டுத் திருடு போனது என்று சொல்கிற கதைதான்.

கணக்கு தொடங்கும் படிவத்தில் யாருடைய இமெயிலும் செல்போன் நம்பரும் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். “உங்களுக்கு மெயில் இல்லையா சார், நானே ஒண்ணு போட்டுடறேன்” என்று சொல்லித்தான் பலருடைய கணக்கில் கான்ட்ராக்ட் நோட், அதாவது அன்றைக்கு வாங்கி விற்றதற்கான ரசீது, வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. டிரேட் நடந்து 24 மணி நேரத்துக்குள் அது உங்களுக்கு வந்தாக வேண்டும். பெரும்பாலும் பான் எண்தான் அந்த பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு. திறந்து கடைசியில் இருக்கும் கட்டண வரிகளை மட்டும் படித்தாலே போதும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸையும் விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள்.

உங்கள் முதலீடுகளையெல்லாம் சேர்த்துக் காட்டி மாதாமாதம் வரும் சிஏஎஸ் ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கிறேனே, போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்கும் இன்ட்ராடேயும், பங்கை வாங்காமல் அதன் விலை ஏற்ற இறக்கத்தின் மேல் போடும் ஒப்பந்தமான ஆப்ஷனும் டீமேட் பக்கமே வராது, அதனால் சிஏஎஸ்ஸில் தெரியாது. கடைவதற்கு வசதியான இடமும் அதுதான். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்று சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொல்லியிருக்கிறது. உங்கள் கணக்கில் நீங்கள் கேட்காமலேயே அந்தப் பகுதியைத் திறந்துவிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது இதுதான்: “சார், ஆபீஸிலிருந்து போன் வரும், ஆர்டர் நீங்கதான் கொடுத்தீங்களான்னு கேட்பாங்க, ஆமான்னு மட்டும் சொல்லிடுங்க” என்றால் சொல்லிவிடுவது. ஆர்டரைக் கொடுத்தது வாடிக்கையாளர்தான் என்பதற்குப் போன் பதிவோ மெயிலோ ஏதாவது ஒரு சான்று வைத்திருக்க வேண்டும், தகராறு வந்தால் காட்ட வேண்டும் என்று 2018-லேயே செபி புரோக்கர்களுக்கு உத்தரவு போட்டுவிட்டது. அது உங்களுக்குப் பாதுகாப்பு. அந்த “ஆமா”வில் அதை நீங்களே விட்டுக்கொடுத்துவிடுகிறீர்கள்.

சந்தேகம் வந்தால் வாய்ச்சண்டை வேண்டாம், மெயில் போடுங்கள்: இந்தத் தேதியிலிருந்து நடந்த டிரேடுகளுக்கு ஆர்டர் சான்று கொடுங்கள், இனி என் அனுமதி இல்லாமல் எதுவும் செய்யாதீர்கள். பதில் சரியில்லை என்றால் செபியின் புகார் தளமான ஸ்கோர்ஸ், அப்புறம் ஆன்லைனில் தகராறு தீர்க்கும் ஸ்மார்ட் ஓடிஆர். தாமதிக்காதீர்கள், மாதக்கணக்கில் எஸ்எம்எஸ் வந்தும் சும்மா இருந்தீர்களே என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும்.

பெரியப்பாவும் மெயில் போட்டார். நான்காம் நாள் மேனேஜரே வீட்டுக்கு வந்தார், காபி குடித்தார், பாதி புரோக்கரேஜைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். ஏன் பாதி என்று கேட்டதற்குப் போனில் சில பதிவுகளைப் போட்டுக் காட்டினார். எல்லாவற்றிலும் பெரியப்பாவின் குரல்: “ஆமா தம்பி, நான்தான் சொன்னேன்.”