விடுதி மெஸ்ஸில் குப்பையைக் குறைக்க முதலில் தராசை எடுங்கள்

எங்கள் விடுதி மெஸ் கமிட்டியில் இரண்டு வருடம் இருந்தேன். ஆரம்பத்தில் எல்லாரையும் போல நாங்களும் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி வாங்கி வரிசையாக வைத்தோம். ஒரே வாரத்தில் எல்லாத் தொட்டியிலும் எல்லாமும் கிடந்தது. அதனால் தொட்டி பிறகு. முதலில் சமையலறையில் காய்கறி நிறுக்கும் தராசை இரவல் வாங்குங்கள்.

கை கழுவும் இடத்தில் எச்சில் வாளியை வைத்து, வேளாவேளைக்கு நிறுத்து, அன்று என்ன சாப்பாடு என்பதோடு கரும்பலகையில் எழுதுங்கள். யாரையும் திட்ட வேண்டாம். இரண்டு வாரத்தில் எது மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். எங்களுக்கு அது திங்கட்கிழமை உப்புமா. பாவம், உப்புமா மேல் தப்பில்லை. ஆறு மணிக்குக் கிண்டியதை எட்டரைக்குப் பரிமாறினால் யார் சாப்பிடுவார்கள்? இரண்டு தடவையாகக் கிண்டச் சொன்னோம், வாளி லேசாகிவிட்டது. அந்தக் கணக்கு வார்டனிடம் பேசவும் உதவும். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களுக்கு திடக்கழிவு விதிகளிலேயே தனிப் பொறுப்பு உண்டு என்று சொன்னதும்தான் உரக்குழிக்கு இடம் கிடைத்தது.

உரக்குழியில் நான் சொதப்பிய கதை பெரியது. சாம்பாரோடு அப்படியே கொட்டினேன். மூன்றாம் நாள் நாற்றம் வகுப்பறை வரை போனது. எச்சிலை முதலில் சல்லடைக் கூடையில் வடியவிடுங்கள். ஒரு வாளி எச்சிலுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு. வளாகத்தில் கூட்டி எரிக்கிற புங்க இலை, வேப்பிலைச் சருகே போதும். மேல் அடுக்கு எப்போதும் சருகாக இருக்கட்டும். கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் மட்க ஆரம்பிக்கும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள்: ஓரிரு சொட்டு விழுந்தால் பதம் சரி, ஒழுகினால் இன்னும் சருகு போடுங்கள். குவியலுக்குள் இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவினால் கை பொறுக்காத அளவுக்குச் சுட வேண்டும். சுடவில்லையா, கிளறிவிடுங்கள்.

பால் கவரை வெட்டும்போது மூலையைத் துண்டாக நறுக்காமல் கீறி மட்டும் விடச் சொல்லுங்கள். அந்தச் சின்ன முக்கோணத் துண்டுதான் சாக்கடையில் போய்ச் சேர்வது. கவரை அலசிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். எண்ணெய் பட்ட அட்டையை எடுக்க மாட்டார்கள், அது கிழிந்து உரக்குழிக்குப் போகட்டும். காகிதக் கப் விஷயத்தில் ஏமாறாதீர்கள்: உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்கும் தடை. டீக்கு எவர்சில்வர் டம்ளர்தான்.

அப்புறம், ஏப்ரலில் ஒரு காலி அறைக்குச் சாவி வாங்கி வையுங்கள். கடைசி வருடத்தார் விட்டுப் போகும் பக்கெட், மக், பாய் எல்லாம் ஜூலையில் வரும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆகும்.