மூலக்கூறுச் சந்தி: ஊட்டி ஆய்வகத்துக்கு ஒரு செய்முறை

ஒற்றை மூலக்கூறே டயோடாக, அதாவது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் கருவியாக, இயங்கலாம் என்று அவிராம், ராட்னர் என்ற ஆய்வாளர்கள் 1974இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். சில்லு செய்ய அது போதாது. மூலக்கூறின் இரு முனையிலும் மின்முனை பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்த அமைப்பே மூலக்கூறுச் சந்தி. சிரமமெல்லாம் அங்கேதான். அதைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம்.

கீழ் மின்முனை தங்கம். சிலிக்கன் வேஃபரில் (மெல்லிய வட்டத் தகட்டில்), குரோமியம் அடிப்பூச்சு இல்லாமல், 100 நானோமீட்டர் தங்கம் படியவைத்து வாங்குங்கள். அதன்மேல் கண்ணாடித் துண்டை யுவி பசையால் (புற ஊதா ஒளியில் இறுகும் பசையால்) ஒட்டி, இறுகியதும் தங்கத்தோடு பெயர்த்தெடுங்கள். சிலிக்கனைத் தொட்டிருந்த வழவழப்பான பக்கம்தான் நமக்கு வேண்டும். மறுபக்கத்து மேடுபள்ளம், அடுத்து நாம் படியவைக்கும் மூலக்கூறுப் படலத்தின் தடிமனையே மிஞ்சிவிடும்.

20 மி.லி. தூய எத்தனாலில் 5 மைக்ரோலிட்டர் டோடெகேன்தயால் (12 கார்பன் சங்கிலியின் முனையில் கந்தகம் கொண்ட தயால்) கலந்து, நைட்ரஜனைக் கால் மணி நேரம் குமிழவிட்டு, பெயர்த்த தங்கத்தை உடனே அமிழ்த்துங்கள். ஓர் இரவு போதும். தங்கப் பரப்பு முழுவதும் மூலக்கூறுகள் தாமாகவே வரிசை கட்டி ஒரு படலமாக நிற்கும். சில்லுகளில் செய்வதுபோல வடிவங்களை அச்சிடும் வேலையே இல்லை. மூலக்கூறு மின்னணுவியல் தரும் பெரிய நம்பிக்கை இதுதான். நாற்றம் கடுமையாக இருக்கும், எல்லாம் ஃபியூம் ஹூட்டுக்குள்ளேயே (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்குள்ளேயே) நடக்கட்டும். எத்தனாலில் கழுவி, நைட்ரஜனில் உலர்த்தி, ஒரு சொட்டு நீர் வையுங்கள். பரப்போடு சுமார் 110 பாகைக் கோணத்தில் உருண்டு நிற்க வேண்டும். பரவினால் படலம் சரியில்லை. நீர் பட்ட துண்டில் அளக்காதீர்கள். அதோடு செய்த இன்னொன்றை எடுங்கள்.

மேல் மின்முனை, 75:25 காலியம்–இண்டியம் திரவக் கலவை. சிரிஞ்சில் ஒரு துளி தள்ளி, வெறும் உலோகத்தைத் தொட்டு மெல்ல உயர்த்தினால் கூம்பாக அறும். அதைக் காற்றில்தான் செய்ய வேண்டும். காற்றில் உருவாகும் ஆக்ஸைடுத் தோல் இல்லாவிட்டால் கூம்பு நிற்காது. இந்தக் கூம்பின் நுனியைப் படலத்தின்மேல் மெல்லத் தொடவைத்தால் சந்தி தயார். இக்கலவை 15.5 டிகிரிக்குக் கீழே உறையக்கூடியது. ஊட்டியில் மார்கழி, தை இரவுகளில் அறையே அதைவிடக் குளிர்ந்துவிடும், ஆகவே சிரிஞ்சை 25 டிகிரியில் வையுங்கள். அலுமினியத்தில் படவே கூடாது, அரித்து நொறுக்கிவிடும். மூடுபனி நாட்களில் துண்டின்மேல் நீர் படியும். சிலிக்கா ஜெல் வைத்த பெட்டிக்குள் அளப்பதே நல்லது.

இரு மின்முனைகளுக்கும் இடையே ±0.5 வோல்ட்டுக்குள், 0.05 வோல்ட் படிகளாக மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளந்துபாருங்கள். படலம் ஏறத்தாழ 1.5 நானோமீட்டர்தான் என்பதால் 0.5 வோல்ட்டே மீட்டருக்கு 30 கோடி வோல்ட்டைத் தாண்டுகிறது. மின்னோட்டம் நேர்கோடாகச் சட்டென்று எகிறினால் ஷார்ட், அதாவது மூலக்கூறைத் தாண்டி இரு உலோகங்களும் நேரடியாகத் தொட்டுவிட்டன. அதையும் குறித்துவையுங்கள், ஒளிக்காதீர்கள்: கோடிக்கணக்கான சந்திகள் கொண்ட சில்லில் நூற்றில் ஒன்று ஷார்ட் ஆனாலும் சில்லு பாழ்.

மூன்று துண்டுகளில் குறைந்தது 20 சந்திகளாவது எடுங்கள். அளவுகள் பத்து மடங்குகூடச் சிதறும். மடக்கை எடுத்துப் பிறகு சராசரி காணுங்கள். பின்பு 10, 14, 16 கார்பன் தயால்களிலும் செய்யுங்கள். சங்கிலியில் ஒவ்வொரு கார்பன் கூடும்போதும் மின்னோட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். குறையவில்லையென்றால் நீங்கள் அளப்பது மூலக்கூறை அல்ல, படலத்தின் ஓட்டையை.