நரம்பைக் கண்டுபிடிக்க ஓர் அடிக்கோல் போதும்

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இடைநிலைப் பள்ளிப் படிவம் 3 பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அறிவியலில் முதல் பாடமே தூண்டலும் துலங்கலும்தான். 'சாராஃப் துஞ்சாங்' என்று மலாயில் கடகடவென ஒப்பிப்பார்கள். அதையே தமிழில் தண்டுவடம், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு, என்றால் விழிப்பார்கள். "நரம்பைக் காட்டுங்க" என்றால் புறங்கையில் பச்சையாக ஓடுவதைக் காட்டுவார்கள். அது இரத்தக் குழாய். ஊசி போடும்போதெல்லாம் "நரம்பு கிடைக்கலையே" என்று மிஸ்ஸி (தாதி) சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்!

முதலில் நிஜ நரம்பைத் தொடுவோம். முழங்கையை மடக்குங்கள். உள்பக்கம் துருத்தும் எலும்புக்கும் முழங்கை முனைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அங்கே மெல்லத் தட்டினால் சுண்டுவிரல்வரை சுரீரென்று ஓடும். கதவில் இடித்துக்கொண்டு "ஷாக் அடிச்சிருச்சு" என்போமே, அதே இடம். அந்த நரம்பு கவனிப்பது சுண்டுவிரலையும் மோதிரவிரலில் பாதியையும்தான்; கட்டைவிரலுக்கு ஒன்றும் தெரியாது.

அது கழுத்துப் பக்கம் ஏறித் தண்டுவடத்தில் சேர்கிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் சுமார் 45 செ.மீ. நீளம். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன, மூளையிலிருந்து நேராக 12 ஜோடி. இப்போதைக்கு இந்தக் கணக்குப் போதும்.

அடுத்து, மேசைமேல் கால் தொங்க உட்காருங்கள். முட்டிச் சில்லுக்குச் சற்றுக் கீழே கையோரத்தால் ஒருவர் தட்டட்டும். கால் தானாக உதறும். உத்தரவு தண்டுவடத்திலேயே பிறந்துவிடுகிறது. மூளைக்குச் சேதி பிறகுதான். உதறவில்லையா? பயம் வேண்டாம், பெரும்பாலும் தட்டிய இடம்தான் தப்பு.

இப்போது அடிக்கோல். நண்பர் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடட்டும். பூச்சியக் கோடு உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கட்டும், விரல் அதைத் தொடக்கூடாது. அவர் சொல்லாமல் விடுவார், நீங்கள் பிடிக்க வேண்டும். 15 செ.மீ.-இல் பிடித்தால் ஏறக்குறைய 0.17 நொடி, 20 என்றால் 0.20, 30 என்றால் 0.25. கண்ணில் பட்டது பின்மண்டைக்குப் போய், மூளை முடிவெடுத்து, உத்தரவு தண்டுவடம் வழியே இறங்கி விரல் தசையை எட்டும்வரை ஆகும் நேரம் இது. ஐந்து தடவை செய்து சராசரி எடுங்கள். 5 செ.மீ.-இல் பிடித்தேன் என்பவர் விடுமுன்பே பிடித்த கள்ளர்!

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கோலை விடும் அதே கணத்தில் உங்கள் தோளைத் தொடச் சொல்லுங்கள். பலருக்குத் தூரம் குறையும். ஒளியைச் சமிக்ஞையாக மாற்ற விழித்திரைக்கு நேரம் பிடிக்கிறது. தொடுதலுக்கு அவ்வளவு ஆவதில்லை.

கடைசிச் சோதனைக்குக் காரக் குழம்புகளோடு சோறு தரும் நாசி கண்டார் கடை. காரத்தில் நெற்றி வியர்ப்பதும் மூக்கு ஒழுகுவதும் உங்களைக் கேட்டு நடப்பதில்லை. அது தானியங்கு நரம்பு மண்டலத்தின் வேலை. காரம் ஒரு சுவையே அல்ல. மிளகாயில் உள்ள காப்சைசின் என்ற பொருள், சூட்டை உணரும் நரம்பு முனைகளைக் கிளப்பிவிடுகிறது. அந்த முனைகளில் இதை உணரும் ஏற்பியைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நாக்கு எரிந்தால் தண்ணீர் உதவாது, காப்சைசின் அதில் கரையாது. சூடான பால் தேநீரான தே தாரேக்கும் வேண்டாம், சூடு அதே முனைகளை மறுபடி கிளப்பும். பால் கலந்த தே ஐஸ் ஒன்று சொல்லுங்கள்.