லயன் வீட்டுக்கு ரோயிங் மெசின்: காசு கொடுப்பதற்கு முன் அளக்க வேண்டியவை

மே மாதம் பிறந்தால் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் "காலையில் ஓடப் போகிறேன்" என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். மழை விட்டால் பனி, பனி விட்டால் அட்டை. பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு இதே கூத்து வருடக் கடைசியில். அதனால் வீட்டுக்குள்ளேயே செய்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றால் ரோயிங் மெசின், அதாவது முன்னும் பின்னும் ஓடும் சீட்டில் இருந்து படகு வலிப்பது போல் கைப்பிடியை இழுக்கிற மெசின், நல்ல தெரிவு. முழங்காலில் இடி விழாது, கால், முதுகு, கை மூன்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை. ஆனால் இதைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் பெரிய ஹோல் உள்ள வீடுகளை நினைத்து எழுதப்பட்டவை. நான் எழுதுவது 10 க்கு 12 அடி காம்பராவுக்கும் நம்முடைய ஈரத்துக்கும்.

முதலில் இடம்

கொன்செப்ட்2 என்ற கம்பனியின் காற்று விசிறி மெசின் 244 சென்ரிமீற்றர் நீளம், அதாவது 8 அடி. ஓட்டுவதற்கு 9 க்கு 4 அடி இடம் விடச் சொல்கிறார்கள். கட்டிலும் அலுமாரியும் போக அந்த 9 அடி உங்களிடம் இருக்கிறதா என்று தரையில் சோக்கால் கோடு போட்டுப் பாருங்கள், மனக்கணக்கு வேண்டாம். இந்த மெசின் கருவி ஏதும் இல்லாமல் இரண்டாகப் பிரியும். வோட்டர்ரோவர் மாதிரி மரச்சட்ட மெசின்களைச் செங்குத்தாக நிறுத்தலாம், ஆனால் நிறுத்தினால் கிட்டத்தட்ட 7 அடி வரும். தகரக் கூரை சரிந்து இறங்கும் பக்கத்தில் இடிக்கும். இஸ்தோப்பில் வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், சாரல் அடித்தால் ஒரு பருவத்திலேயே துரு.

பாதையையும் பாருங்கள். லொறி ரோட்டோடு நின்றுவிடும், அதற்கு மேல் படிக்கட்டு. பெட்டி எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை அடி, எத்தனை கிலோ என்று கடையில் கேட்டுவிட்டுத்தான் முற்பணம் கட்ட வேண்டும். சீட் ஓடும் தண்டவாளம் உள்ள நீளமான பெட்டி த்ரீவீலுக்குள் ஏறாது.

கால் நீளம் (இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்)

நான் அதிகம் மினக்கெட்டது இதில்தான், ஏனென்றால் கடைக்காரரிடம் கேட்டால் "எல்லோருக்கும் சரிவரும்" என்பதைத் தவிர வேறு பதில் கிடைப்பதில்லை. மடித்து வைக்கிற மலிவு மெசின்களில் பல, இடத்தை மிச்சம் பிடிக்கத் தண்டவாளத்தைக் குட்டையாக்கி விடுகின்றன. கால் முழுவதும் நீள்வதற்குள் சீட் கடைசியில் போய் முட்டும். ரோயிங்கில் பெரிய பலம் காலில் இருந்துதான் வருகிறது. அது பாதியில் நின்றால் மீதியை இடுப்பும் முதுகும் இழுக்க வேண்டியதுதான்.

வீட்டிலேயே அளக்கலாம். தரையில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் சுவரோடு வையுங்கள். காலை நன்றாக நீட்டி, பின்பக்கம் தரையைத் தொடும் கடைசி இடத்தில் ஒருவரைச் சோக்கால் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு பாதத்தைச் சுவரிலிருந்து எடுக்காமல், முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி நேராக நிமிர்ந்து நிற்கும் வரை முன்னுக்கு நகருங்கள். குதிக்கால் கொஞ்சம் தூக்கினால் பரவாயில்லை. அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் உங்களுக்கு வேண்டிய சீட் ஓட்டம். ஐந்தரை அடி உயரமான எனக்கு இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. வீட்டில் ஓட்டப்போகிறவர்களில் ஆக உயரமானவரை அளந்து, மேலே ஓரிரு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது டேப் கொண்டு போய், சீட்டை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளி, அது உண்மையில் ஓடும் தூரத்தை அளக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் மொத்த நீளத்தை நம்ப வேண்டாம், அதில் முன்பக்கச் சக்கரமும் சேர்ந்திருக்கும்.

முழங்கால் நோவு உள்ள அம்மா, அப்பாவும் ஏறுவார்கள் என்றால் சீட் உயரத்தையும் பாருங்கள். கொன்செப்ட்2 சாதாரண மெசினில் சீட் 14 அங்குலம், உயரமான கால் உள்ளதில் 20.

எந்த வகை

ஹைட்ரோலிக், அதாவது இரண்டு பக்கமும் பிஸ்டன் வைத்த சின்னது: விலை குறைவு, இடம் குறைவு, கொஞ்ச நேரம் ஓட்டினால் எண்ணெய் சூடாகி இழுவை தளர்ந்துவிடும். நான் வாங்க மாட்டேன்.

மெக்னெடிக், அதாவது காந்தத்தால் இழுவை தருவது: சத்தமே இல்லை. பக்கத்துக் காம்பராவில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் இதைத்தான் வாங்க வேண்டும், ஒற்றைச் சுவர்தானே நடுவில். குறை என்னவென்றால், வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் இழுவை பெரிதாக மாறாது. விலை கூடிய சிலவற்றுக்கு கரண்ட் வேண்டும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதை மறக்காதவர்கள் பெட்டரியில் ஓடுவதையே கேளுங்கள்.

தண்ணீர்த் தாங்கி உள்ளது: சத்தம் இதமானது, பார்க்கவும் அழகு. ஆனால் 15 லீற்றருக்கு மேல் தண்ணீரோடு நகர்த்திப் பாருங்கள் தெரியும்! பீலித் தண்ணீர் ஊற்றுபவர்கள் மெசினோடு வரும் குளோரின் வில்லையைப் போடாமல் விட்டால், அதிலும் யன்னல் வெயில் படுகிற இடமென்றால், பாசி பிடிக்கும்.

காற்று: என் தெரிவு இதுதான். பலமாக இழுத்தால் அது பலமாகத் திருப்பித் தரும். உங்கள் மூச்சு முட்டும் வரை அதற்கு எல்லை இல்லை. மொனிட்டருக்குப் பெரிய டோர்ச் பெட்டரி இரண்டு போதும். கெட்ட பக்கம் விசிறிச் சத்தம். விடிய 5 மணிக்கு ஓட்டினால் லயனே எழும்பிவிடும், ஆகவே நேரத்தை அக்கம்பக்கத்தோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் காற்று லேசு

காற்று மெசினில் விசிறிக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்க 1 முதல் 10 வரை எண் போட்ட நெம்பு ஒன்று இருக்கும். கொழும்பில் ஒரு ஜிம்மில் ஓட்டிப் பார்த்துவிட்டு நுவரெலியாவில் வாங்கிப் பூட்டினால், அதே 4 ஆம் எண்ணில் மெசின் லேசாக இருப்பதுபோல் தோன்றும். பழுது இல்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பை விடக் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறிக்கு வெட்டக் காற்று குறைவு, அவ்வளவுதான். பக்கத்தில் உள்ள நெம்பை ஓர் எண் கூட்டிவிடுங்கள்.

கொன்செப்ட்2 மொனிட்டரில் டிராக் ஃபெக்டர் என்று ஓர் எண் வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு சக்கரம் எவ்வளவு சீக்கிரம் வேகம் குறைகிறது என்பதிலிருந்து மெசினே அதைக் கணக்குப் போடுகிறது. ஆகவே மலையில் ஓட்டினாலும் கடலோரத்தில் ஓட்டினாலும் மீற்றர் கணக்கு நியாயமாகவே இருக்கும். 500 மீற்றருக்கு 2 நிமிடம் என்றால் எங்கேயும் சுமார் 203 வொட்தான். மலிவு மெக்னெடிக்கில் வரும் மீற்றரை இன்னொரு மெசினோடு ஒப்பிடாதீர்கள், பலவற்றில் அது இழுப்பை எண்ணிப் போடும் குத்துமதிப்பு.

அப்புறம், நெம்பை 10 இல் வைத்தால் நல்ல உடற்பயிற்சி என்று நினைக்காதீர்கள். அது கனமான படகை வலிப்பது மாதிரி, அவ்வளவுதான். தொடக்கத்தில் 3 முதல் 5 போதும். இழுக்கும்போது கால், இடுப்பு, கை. திரும்பும்போது கை, இடுப்பு, கால். மீதியை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம்.

ஈரம்

ஓட்டி முடித்ததும் தண்டவாளத்தில் சொட்டிய வியர்வையைத் துடைத்துவிட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுவது நம் ஊரில் சரிவராது. சங்கிலி உள்ள மெசினுக்கு 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒரு தடவை மெல்லிய மெசின் எண்ணெய் துணியில் தொட்டுத் தடவுங்கள். டபிள்யூடி-40 என்ற துரு எடுக்கும் ஸ்பிரே அடிக்க வேண்டாம் என்று கொன்செப்ட்2காரர்களே சொல்கிறார்கள். பிளாஸ்டிக் விரிப்பால் மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய நூல் சேலை போதும்.

பின்சேர்க்கை

படித்துவிட்டு ஒருவர் கேட்டிருந்தார்: பலகைத் தரையில் வைத்தால் மெசின் ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு நகர்கிறதாம். கீழே ரப்பர் பாய் ஒன்றைப் போடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் குறை மெசினில் இல்லை, திரும்பி வரும்போது அவர் முன்னுக்குப் பாய்ந்து போய் முட்டுகிறார். இழுப்பது வேகம், திரும்புவது அதில் பாதி வேகம் என்று வைத்துக்கொண்டால் நிற்கும்.

இன்னொருவர் உதிரிப்பாகம் பற்றிக் கேட்டார். வாங்கும் முன் கடையிலேயே சீட் உருளையையும் கைப்பிடிப் பட்டியையும் தனியாகத் தருவார்களா, எத்தனை நாளில் என்று கேட்டு, பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.