அவசர ஊசிக் கருவியை நடுங்கும் கையில் கொடுத்துச் சோதிப்பது எப்படி?

என் அக்காவுக்குக் குளவி கொட்டினால் மூச்சு அடைத்துக்கொள்ளும். ஒருநாள் அப்படி ஆனபோது அத்தான்தான் பக்கத்தில் இருந்தார். கடும் ஒவ்வாமைக்கான அவசர ஊசிக் கருவியான அட்ரினலின் பேனாவை எடுத்தார், மூடியைப் பிடுங்கினார், அவள் தொடையில் வைத்து மேலிருந்து கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினார். பேனா தலைகீழாக இருந்தது. ஊசி அவர் விரலுக்குள் இறங்கியது. விரல் வெளுத்துச் சில்லிட்டுப் போனது. அதைவிடப் பெரிய ஆபத்து, அக்காவுக்குப் போக வேண்டிய மருந்து வீணானது. பையில் இரண்டாவது பேனா இருந்ததால் சமாளித்தோம்.

"நான்தான் பதற்றத்துல மாத்திப் பிடிச்சுட்டேன்" என்று இன்றும் வருந்துகிறார். மருத்துவக் கருவி வடிவமைப்பது என் தொழில். அவர் மீது தவறில்லை என்று எனக்குத் தெரியும். எழுதும் பேனாவில் மூடியைக் கழற்றினால் அங்கேதான் முனை இருக்கும். சிரிஞ்சிலும் அப்படியே. அந்தக் கருவியிலோ மூடி ஒரு பக்கம், ஊசி மறுபக்கம். மூடி என்று நாம் நினைப்பது உண்மையில் பாதுகாப்புப் பூட்டு. கை வாழ்நாள் முழுக்கப் பழகியதைத்தான் செய்தது. மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி 62366-1 தரநிலையும் இதைப் 'பயன்பாட்டுப் பிழை' என்றே சொல்கிறது, 'பயனரின் பிழை' என்று சொல்வதில்லை.

சரி, இத்தகைய பிழையை முன்கூட்டியே எப்படிப் பிடிப்பது?

ஊசியில்லாத மாதிரி ஒன்றைச் செய்யுங்கள். எடையும் அழுத்த வேண்டிய விசையும் உண்மையான கருவியைப் போலவே இருக்கட்டும். தொடைக்குப் பதிலாக நுரைப்பஞ்சைத் துணியில் சுற்றி வையுங்கள். இந்த ஊசியைப் பெரும்பாலும் உடைக்கு மேலேயே போட வேண்டியிருக்கும். அப்புறம் ஆட்கள். உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்கள் வேண்டாம், அவர்களுக்கு எல்லாம் தெரியும். மூட்டுவலி உள்ள பாட்டி, இடக்கைக்காரர், கண்ணாடியில்லாமல் படிக்க முடியாதவர், சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவர், இவர்களைக் கூப்பிடுங்கள். தொடக்கச் சோதனைகளுக்கு ஐந்தாறு பேர் போதும். இறுதிச் சோதனைக்கு ஒவ்வொரு வகைப் பயனரிலும் குறைந்தது 15 பேர் என்கிறது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் 2016 வழிகாட்டுதல்.

கருவியைப் பெட்டியோடு, மூடியபடி கொடுங்கள். "இவருக்கு மூச்சு முட்டுகிறது, உதவுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் மிகக் கடினம். அவர் தடுமாறும்போது உங்கள் கை தானாக நீளும், நீட்டாதீர்கள். கேமராவை முகத்துக்கு வைக்காமல் கைகளுக்கு வையுங்கள். கட்டைவிரல் எங்கே போய் உட்காருகிறது? எந்த நொடியில் பேனாவைத் திருப்பிப் பார்க்கிறார்? முதல் 'கிளிக்' கேட்டதும் வேலை முடிந்தது என்று எடுத்துவிடுகிறாரா, சொன்ன நொடிகள் பிடித்திருக்கிறாரா? தவறவிருந்து கடைசி நொடியில் திருத்திக்கொண்டதையும் பிழையாகவே குறித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் அது திருந்தாமல் போகலாம்.

முடிந்ததும் "எளிதாக இருந்ததா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். "இங்கே உங்கள் கை நின்றதே, அப்போது என்ன நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள்.

திருத்தும்போது முதலில் வடிவத்தில் கை வையுங்கள். அது முடியாவிட்டால் தடுப்பு: தொடையில் அழுந்தினால்தான் ஊசி வெளிவரும், எடுத்ததும் உறை மூடிப் பூட்டிக்கொள்ளும் என்பது போல. எச்சரிக்கை வாசகமும் பயிற்சியும் கடைசிதான். 'இந்தப் பக்கம் ஊசி' என்று அச்சடித்துவிட்டு நிம்மதியடைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூச்சு நிற்கிற நேரத்தில் யார் படிப்பார்கள்? திடீரென இதயம் முடங்கியவருக்கு மின் அதிர்வு கொடுக்கும் தானியங்கி இதய அதிர்வுக் கருவியைப் பாருங்கள். அது குரலில் வழிநடத்துகிறது. ஒட்டும் பட்டைகளை எங்கே ஒட்டுவது என்பது பட்டையிலேயே படமாக இருக்கிறது. அதிர்வு தேவைப்படாத இதயத்துடிப்பு என்றால் அதைக் கொடுக்கக் கருவி அனுமதிப்பதே இல்லை. பொத்தானை அழுத்தினாலும் பலிக்காது. கடினமான முடிவை நடுங்குகிற ஆளிடம் விடாமல் கருவியே எடுத்துக்கொள்கிறது.

வடிவத்தை மாற்றியபின் அதே ஆட்களைத் திரும்பக் கூப்பிடாதீர்கள், அவர்கள் ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டார்கள். புதியவர்களை அழையுங்கள். பயிற்சி பெற்றவர்களைச் சோதிப்பதானால் பயிற்சிக்கும் சோதனைக்கும் நடுவே போதிய இடைவெளி விடுங்கள். அத்தானுக்கும் ஒருமுறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள், பல மாதங்களுக்கு முன்.