கையெழுத்துப் போட்ட டைம்ஷேரை ரத்து செய்தது எப்படி

ஒரு ரிசார்ட்டின் விற்பனைக் கூட்டத்தில், ஒன்றரை மணி நேரம்தான் என்று உட்காரவைத்தார்கள். நான்கு மணி நேரம் கழித்து டைம்ஷேர் (வருடத்தில் ஒரு வாரம் போலக் குறிப்பிட்ட காலம் மட்டும் ரிசார்ட்டில் தங்கும் உரிமை) ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். இரவு தூக்கம் வரவில்லை. அதே ரிசார்ட், அதே வாரம். மறுவிற்பனையில், அதாவது ஏற்கெனவே வாங்கியவர்கள் விற்பதில், தேடிப் பார்த்தால் நான் ஒப்புக்கொண்ட விலையில் கால் பங்குகூட இல்லை. நிறுவனம் சொல்லும் விலையில் விளம்பரச் செலவு, விற்பனையாளர் கமிஷன் எல்லாம் சேர்ந்தே இருக்கிறது.

காகிதக் கட்டைப் புரட்டினேன். கடைசிக்கு முந்தைய பக்கத்தில், பொடி எழுத்தில், ரத்து செய்யும் உரிமை! அப்படி ரத்து செய்வதற்கான கெடு இடத்துக்கு இடம் மாறும்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள், ஃப்ளோரிடாவில் 10 நாள். போனில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் இருந்த முகவரிக்கே கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்தேன். முன்பணம் முழுவதும் திரும்பி வந்தது.

அப்புறம் நிதானமாக மறுவிற்பனையில் வாங்கினேன். பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி இல்லை என்று ரிசார்ட்டிடமே எழுதி வாங்கிய பிறகுதான் பணம் கொடுத்தேன். நேரடியாக வாங்கியவர்களுக்குக் கிடைக்கும் சில சலுகைகள் எனக்கு இல்லை, சரி. ஆனால் வருடாவருடம் கட்டும் பராமரிப்புக் கட்டணம் மறுவிற்பனையில் வாங்கியதால் குறையவில்லை. அதையும் கணக்கில் வைத்துத்தான் முடிவெடுத்தேன்.