பிராக்டிகம் போகுமுன் மின்தொகுப்பேடு: முதல்முறை செய்பவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தமிழ்ப்பள்ளிக்குப் பிராக்டிகம், அதாவது கற்பித்தல் பயிற்சி, செய்ய வரும் பயிற்சி ஆசிரியர்கள் முன்பெல்லாம் மூன்று விரல் தடிமனுக்குக் கோப்பு சுமந்து வருவார்கள். இப்போது விரிவுரையாளர் கேட்பது மின்தொகுப்பேட்டின், அதாவது அந்தக் கோப்பை இணையத்தில் தொகுத்து வைக்கும் தளத்தின், இணைப்பு மட்டும். ஆனால் பழக்கம் மாறவில்லை. கடைசி வாரம் உட்கார்ந்து கைப்பேசியில் இருக்கும் படங்களையெல்லாம் கொட்டுகிறார்கள். அதற்குப் பெயர் கல்யாண ஆல்பம். வழிகாட்டி ஆசிரியராக நான் தேடுவது, நீங்கள் எங்கே தடுமாறினீர்கள், பிறகு என்ன செய்தீர்கள் என்பதைத்தான்.

படி 1: இடம் பிடியுங்கள்

உங்கள் ஆசிரியர் பயிற்சிக் கழகமே மஹாரா போன்ற தளம் கொடுத்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். 2006-இல் நியூசிலாந்தில் இந்த வேலைக்கென்றே தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. மாவோரி மொழியில் அந்தப் பெயருக்குச் 'சிந்தி' என்று பொருள். இல்லையென்றால் கூகள் சைட்ஸ் போதும். நான்கு பக்கங்கள் திறங்கள்: என்னைப் பற்றி, பாடங்கள், சிந்தனை மீட்சி (பாடம் எப்படிப் போனது என்று திரும்பிப் பார்த்து எழுதுவது), அடுத்த இலக்கு. வண்ணம் தேடி இரண்டு நாளைக் கரைக்காதீர்கள், யாரும் அதற்குப் புள்ளி போடுவதில்லை.

படி 2: ஒரே கோப்புறை

கூகள் டிரைவில் ஒரு கோப்புறை திறந்து எல்லாவற்றையும் அதற்குள்ளேயே போடுங்கள். கோப்புக்கு 'வாரம்03_கணிதம்_ஆண்டு2' என்று பெயர் வைத்தால் பிறகு தேட வேண்டியதில்லை. காணொளியில் கவனம் தேவை. ஃபுல் எச்டியில் ஒரு நிமிடத்துக்கு 60 முதல் 130 எம்பி வரை போகும். சொந்தக் கூகள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. தோட்டத்து வீட்டில் லைன் கிடைப்பதும் ஒரு நாளைப்போல் இருக்காது. 720p தரத்தில் இரண்டு நிமிடம் எடுத்து, டவுனுக்குப் போகும்போது ஏற்றிவிடுங்கள்.

படி 3: வாரத்துக்கு ஒரு பாடம்

எல்லாப் பாடமும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்து மூன்றை மட்டும் வையுங்கள்: நாள் பாடத்திட்டம், ஒரு மாணவரின் பயிற்சித்தாள், உங்கள் சிந்தனை மீட்சி. சொதப்பிய பாடம் இருந்தால் அதற்கே முதலிடம்.

படி 4: சிந்தனை மீட்சி எழுதுவது

எல்லாரும் வழுக்கும் இடம் இது. 'மாணவர்கள் ஆர்வமாகப் பங்கேற்றனர். பாட நோக்கம் அடையப்பட்டது' என்ற வரியை எத்தனை பேர் தொகுப்பில் படித்துவிட்டேன்! அதை எந்தப் பாடத்துக்கும் ஒட்டலாம்.

ஓர் உதாரணம். ஆண்டு 2, கழித்தல். ஒரு பிள்ளை 42 − 17 = 35 என்று எழுதியிருக்கிறான். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டு நகர்ந்தால் தொகுப்பில் வைக்க ஒன்றுமில்லை. தாளை உற்றுப் பாருங்கள். ஒன்று இடத்தில் 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறான். அதாவது அவனுக்குக் கழிக்கத் தெரியும், பத்தைப் பிரிக்கத்தான் தெரியவில்லை. அந்தத் தாளைப் படமெடுத்து, கீழே இப்படி எழுதுங்கள்: 'நான் வெண்பலகையில் கடன் வாங்கிக் காட்டினேன், கையில் எதுவும் கொடுக்கவில்லை. நாளை ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவனையே அவிழ்க்கச் சொல்வேன்.' மறுவாரம் அதே பிள்ளையின் புதிய தாளையும் பக்கத்தில் வையுங்கள். என்ன நடந்தது, ஏன், அடுத்து என்ன என்ற மூன்றும் அதில் வந்துவிட்டன.

படி 5: முகம், பெயர்

பிள்ளைகளின் முகம் தெரியாமல் கைகளையும் தாளையும் மட்டும் எடுங்கள். பெயரை மறைத்து மா1, மா2 என்று குறியுங்கள். முகம் தெரியத்தான் வேண்டுமென்றால் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

படி 6: பூட்டைச் சரிபாருங்கள்

நான் படித்த காலத்தில் சூடு பட்ட இடம். பக்கத்தைப் பார்க்க விரிவுரையாளருக்கு அனுமதி கொடுத்தேன். உள்ளே சேர்த்த டிரைவ் கோப்புகளுக்குத் தனி அனுமதி வேண்டும் என்பது தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் வெறும் பெட்டிகள். அனுமதி கேட்டு வந்த மூன்று மின்னஞ்சல்களை நான் திறந்தபோது மதிப்பீடு முடிந்திருந்தது.

ஆகவே படி 2-இல் திறந்த கோப்புறையையே அவருடைய மின்னஞ்சலுக்குப் பகிருங்கள், பார்க்க மட்டும். தளத்தையும் பொதுவில் விடாமல் அதே மின்னஞ்சலுக்கு மட்டும் திறங்கள். உங்கள் கைப்பேசியில் திறந்து பார்ப்பது சோதனையாகாது, அது உங்கள் கணக்கு. ஒரு தோழியின் மின்னஞ்சலையும் இரண்டிலும் சேர்த்து, அவர் கைப்பேசியில் எல்லாம் திறக்கிறதா என்று கேளுங்கள். திறந்ததும் அவர் பெயரை நீக்கிவிட்டு இணைப்பை அனுப்புங்கள்.